அகச்சிவப்பு லென்ஸ், ஜன்னல்: எந்த வேலைக்கு எந்தப் பொருள், எப்படிக் காப்பது

"அகச்சிவப்புக்கு ஒரு லென்ஸ் வேண்டும்" என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மைக்ரான் அலைநீளம் என்பது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டாவது, அது எங்கே உட்காரப் போகிறது என்பது. முதல் கேள்விக்குப் பலரும் பதிலோடு வருகிறார்கள். எந்த அலை எவ்வளவு கடக்கும் என்று காட்டும் ஊடுருவல் வரைபடத்தை அச்சிட்டு மடித்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியில்தான் தயங்குகிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

நான் கோவையில் அகச்சிவப்புக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். கல்லூரி ஆய்வகங்களின் எஃப்டிஐஆர் நிறமாலைமானிகள் (எந்த அகச்சிவப்பு அலையை எவ்வளவு உட்கவர்கிறது என்று பார்த்துப் பொருளை அடையாளம் காணும் கருவிகள்), அட்டையும் அக்ரிலிக்கும் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர்கள், ஆலைகளில் மின்பலகைகளைப் பார்க்கும் வெப்பப்படக் கேமராக்கள் ஆகிய மூன்றும்தான் என் மேசைக்கு அதிகம் வருபவை. மூன்றிலும் கண்ணாடி மாதிரி ஒரு துண்டு இருக்கும். ஆனால் ஒன்றில்கூட அது கண்ணாடியாக இருக்காது. அந்தத் துண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இந்தத் தொழிலில் நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: தேவைக்கு மேல் ஒரு மைக்ரான்கூட வாங்காதீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் மைக்ரான் கணக்கு

சூடான பொருள் எந்த அலைநீளத்தில் அதிகமாகக் கதிர்வீசும் என்பதை வீன் விதி சொல்கிறது. செல்சியஸ் வெப்பநிலையோடு 273 கூட்டி, 2898-ஐ அதனால் வகுத்தால் மைக்ரானில் விடை வரும். தோலின் வெப்பம் 32 டிகிரி என்றால் 9.5 மைக்ரான். 300 டிகிரியில் இருக்கும் இரும்புக்கு 5 மைக்ரான். 1000 டிகிரி உலைக்கு 2.3 மைக்ரான். ஆக, உலையைப் பார்க்கிறவருக்கும் மனித உடலைப் பார்க்கிறவருக்கும் ஒரே பொருள் தேவைப்படாது.

அடுத்து, நடுவில் இருக்கும் காற்று. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்பின் பல பகுதிகளை விழுங்கிவிடுகின்றன. தாராளமாகக் கடந்து வரும் பகுதிகள் முக்கியமாக இரண்டு: 3 முதல் 5 மைக்ரான், 8 முதல் 14 மைக்ரான். கையடக்க வெப்பப்படக் கேமராக்களில் பெரும்பாலானவை இரண்டாவது பகுதியில் வேலை செய்கின்றன. கார்பன் டை ஆக்சைடு லேசரின் வழக்கமான அலைநீளம் 10.6 மைக்ரான். எஃப்டிஐஆர் பொதுவாக 2.5 முதல் 25 மைக்ரான் வரை கேட்கும்.

சாதாரண ஒளியியல் கண்ணாடி 2.5 மைக்ரான் வாக்கிலேயே கதவை மூடிவிடும். உருக்கிய சிலிக்கா 3.5 வரை இழுக்கும். அதற்கு மேல் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்பின் அதிர்வு கதிரை உட்கவர்ந்துவிடுகிறது. வெப்பப்படக் கேமராவை ஜன்னல் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தால் தெருவுக்குப் பதில் உங்கள் முகமே மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். ஒரு பொருள் எவ்வளவு நீண்ட அலை வரை கடத்தும் என்பது அதன் அணுக்களின் எடையையும் பிணைப்பின் இறுக்கத்தையும் பொறுத்தது. லேசான அணு, இறுக்கமான பிணைப்பு என்றால் அதிர்வு வேகமாக இருக்கும். குறுகிய அலைநீளத்திலேயே உட்கவர்தல் தொடங்கிவிடும். கனமான அணு, தளர்ந்த பிணைப்பு என்றால் நீண்ட அலை வரை தடையில்லை. வரிசையாகப் பாருங்கள்: சஃபையர் 5.5 மைக்ரான் வரை, கால்சியம் ஃபுளோரைடு 8 வரை, சோடியம் குளோரைடு 16 வரை, பொட்டாசியம் புரோமைடு 25 வரை, சீசியம் அயோடைடு 50 வரை. அதே வரிசையில் கடினமும் பொதுவாக இறங்கிக்கொண்டே வருகிறது. சஃபையரைக் கீற வைரம் போன்ற மிகக் கடினமான பொருள் வேண்டும். சீசியம் அயோடைடில் நகம் பட்டாலே தடம் விழும். கடைசி மூன்றும் தண்ணீரில் கரையும். நீண்ட அலையைத் தரும் அதே தளர்ச்சிதான் பொருளை மென்மையாக்கவும் கரைக்கவும் செய்கிறது. ஆகவே கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு மைக்ரானுக்கும் உறுதியை விலையாகக் கொடுக்கிறீர்கள்.

வைரம் இந்த வரிசையில் அடங்காது. மிக இறுக்கமான பிணைப்பு இருந்தும், 2.5 முதல் 6.5 மைக்ரான் வரையிலான இடையூறைத் தாண்டினால் வெகுதூரம் கடத்தும். 1978-இல் வெள்ளிக் கோளின் மேகங்களுக்குள் இறங்கிய பயோனியர் வீனஸ் பெரிய ஆய்கலத்தில் அகச்சிவப்பு அளவிக்கு 13.5 காரட் வைர ஜன்னல் வைத்தார்கள். அந்த அழுத்தமும் வெப்பமும் தாங்கி, வேண்டிய அலைகளையும் விடக்கூடிய வேறு பொருள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நம் வேலைகளில் வைரம் வருவது பெரும்பாலும் எஃப்டிஐஆரின் ஏடிஆர் பகுதியில் (மாதிரியைப் படிகத்தின் மேல் அழுத்தி வைத்து அளக்கும் இடம்), மிளகு அளவுத் துண்டாகத்தான்.

ஜெர்மானியம்

வெப்பப்படக் கேமராவின் முன்னால் எஃகு போலப் பளபளக்கும் சாம்பல் நிற லென்ஸைப் பார்த்திருப்பீர்கள். அது ஜெர்மானியம். 1886-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் கிளெமென்ஸ் விங்க்ளர் கண்டுபிடித்த தனிமம். கண்ணுக்கு முழுக்க ஒளிபுகாதது. 2 முதல் 14 மைக்ரான் வரை தெளிவானது. தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது.

இதன் ஒளிவிலகல் எண் 4. லென்ஸ் வடிவமைப்பவருக்கு அது வரம். மெல்லிய வளைவே போதும். ஆனால் எண் உயர உயர மேற்பரப்பில் எதிரொளிப்பும் கூடும். எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, எண்ணோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்து, வர்க்கம் எடுங்கள்: மூன்றை ஐந்தால் வகுத்தால் 0.6, வர்க்கம் 0.36. ஒரு பக்கத்திலேயே 36 விழுக்காடு திரும்பிப் போகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து, உள்ளே நடக்கும் மறு எதிரொளிப்புகளையும் கணக்கில் எடுத்தால், பூச்சு இல்லாத ஜெர்மானியத் தட்டு 47 விழுக்காட்டைத்தான் கடத்தும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு போட்டால் 95-க்கு மேல் போகும். ஆகவே பூச்சு இல்லாத ஜெர்மானியத்தை மலிவு என்று வாங்குவதில் பொருளில்லை. பூச்சு கேட்கும்போது எந்தப் பட்டைக்கு என்று எழுதிக் கொடுங்கள். 3-5 மைக்ரானுக்குப் போட்ட பூச்சு 8-12-இல் வேலைக்கு ஆகாது. லென்ஸ் மணலையும் மழையையும் பார்க்கப்போகிறது என்றால், வெளிப்பக்கத்துக்கு மட்டும் வைரம் போன்ற கரிமப் பூச்சு கேளுங்கள். ஊடுருவல் கொஞ்சம் குறையும். ஆனால் துடைத்துத் துடைத்துத் தேயாது.

ஜெர்மானியத்தின் உண்மையான எதிரி சூடு. இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. முதலாவது, 100 டிகிரியைத் தாண்டும்போது கட்டற்ற மின்னூட்டங்கள் பெருகி, பொருளே கதிரை உட்கவர ஆரம்பிக்கும். உட்கவர்ந்தால் மேலும் சூடாகும். சூடானால் மேலும் உட்கவரும். உலை வாயில் ஜெர்மானிய ஜன்னல் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டாவது அமைதியானது. ஒளிவிலகல் எண் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.0004 மாறுகிறது. 100 மி.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே அது 30 டிகிரி சூடானால், குவியம் ஏறக்குறைய 0.4 மி.மீ. நகர்ந்துவிடும். எஃப் எண் 1 உள்ள (குவியத்தூரமும் விட்டமும் சமமான) லென்ஸுக்கு 10 மைக்ரானில் குவிய ஆழம், அதாவது படம் மங்காமல் குவியம் நகரக்கூடிய தூரம், 0.02 மி.மீ. தான். "காலையில் சரியாக இருந்தது, மதியம் படம் மங்குகிறது" என்று கேமரா வந்தால் நான் முதலில் பார்ப்பது மின்னணுப் பலகையை அல்ல, குவிய வளையத்தைத்தான்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் சீனா ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு விலை ஏறியதோடு காத்திருப்பும் கூடியது. 8-14 மைக்ரானில் பெரிய லென்ஸ் எண்ணிக்கையில் வேண்டும் என்றால் சால்கோஜெனைடு கண்ணாடியையும் விசாரியுங்கள். ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகமோ செலினியமோ சேர்ந்த கண்ணாடி அது. ஒளிவிலகல் எண் 2.5 முதல் 2.8 வரை. சூட்டுக்கு ஜெர்மானியம் அளவுக்குக் குவியம் நகராது. அச்சில் அழுத்தியே லென்ஸாக வார்க்கலாம். கீறல் எளிதில் விழும், பலவற்றில் ஆர்செனிக் இருக்கும் என்பதால் எந்தக் காரணத்துக்காகவும் தேய்த்துத் தூளாக்கக் கூடாது.

3-5 மைக்ரான் மட்டும் போதும் என்றால் சிலிக்கான் இருக்கும்போது ஜெர்மானியம் எதற்கு? எடை பாதிக்கும் கீழே, கடினம் அதிகம், விலை குறைவு. 9 மைக்ரான் அருகே மட்டும் அது சோர்ந்துவிடும்.

சிங்க் செலினைடு: லேசர் வெட்டும் கடைகளுக்கு

சிங்க் செலினைடு மஞ்சள் நிறத் தெளிவான பொருள். 0.6 முதல் 20 மைக்ரான் வரை கடத்தும். 10.6 மைக்ரானில் உட்கவர்தல் மிகக் குறைவு. ஜெர்மானியத்தைவிட இதற்கு இன்னொரு வசதி: சிவப்பு நிறக் குறிகாட்டிக் கதிரும் இதனூடே போகும். கண்ணால் பார்த்துக்கொண்டே லேசரை நேராக்கலாம். ஆனால் மென்மை. நூப் அளவில் கடினம் 120. சாதாரண ஒளியியல் கண்ணாடிக்கு அது 600 இருக்கும்.

திருமண அழைப்பிதழ் வெட்டும் கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன் போன வருடம் லென்ஸோடு வந்தான். "அக்கா, லென்ஸ் சுத்தமாகத்தான் இருக்கிறது, தினமும் துடைக்கிறேன். ஆனால் அட்டை வெட்டாமல் கருகுகிறது" என்றான். மேசை விளக்கின் வெள்ளொளி சாய்வாக விழும்படி லென்ஸைத் திருப்பினேன். நடுவில் ஐந்து மில்லிமீட்டர் வட்டம் முழுக்க, மெல்லிய கீறல்கள் சுழல் சுழலாக இருந்தன. பனியன் துணியால் வட்டமாக அழுத்தித் துடைத்த தடம். அட்டைப் புகையில் இருந்த பிசினோடு தூசியும் சேர்ந்து, துணி உப்புத்தாள் வேலையைச் செய்துவிட்டது. கீறிய இடத்தில் பூச்சு போய்விட்டால் அங்கே வெப்பம் தங்கும், லென்ஸ் வீங்கும், குவியப் புள்ளி பரவும்.

துடைக்கும் முறை இது. இயந்திரத்தை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, லென்ஸ் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பவுடர் இல்லாத கையுறையோடு ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். ரப்பர் ஊதுகுமிழால் தூசியை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் எண்ணெய் வரும். லென்ஸ் துடைக்கும் தாள் ஒன்றை மேலே விரித்து, தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோன் ஒரு சொட்டு விடுங்கள். ஈரம் பரவியதும் தாளை ஒரே திசையில், அதன் சொந்த எடையிலேயே, மெதுவாக இழுத்து எடுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுங்கள். அழுத்தமே கூடாது. கறை போகவில்லை என்றால் பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்து, அதன் எடை மட்டும் படும்படி உருட்டுங்கள். அதற்கும் போகாத கறை பெரும்பாலும் கறையாக இருக்காது, பூச்சு எரிந்த இடமாக இருக்கும். அப்போது புது லென்ஸ்தான்.

திரும்பப் பொருத்தும்போது குவிந்த பக்கம் கதிர் வரும் திசையைப் பார்க்க வேண்டும். இறுக்கு வளையத்தை விரல் பலத்தில் நிறுத்துங்கள். திருகுக்குறடு போட்டால் ஓரத்தில் விரிசல் தொடங்கும்.

இதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. லேசர் ஓடும்போது லென்ஸ் வெடித்தாலோ எரிந்தாலோ அழுகிய முள்ளங்கி போன்ற நாற்றம் வரும். அது செலினியம். உடனே இயந்திரத்தை நிறுத்தி, அறையை விட்டு வெளியேறுங்கள். புகைபோக்கி மட்டும் ஓடட்டும். தூள் அடங்கியபின் முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, அபாயக் கழிவாகக் கொடுங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பல லேசர் லென்ஸ்களின் பூச்சில் தோரியம் ஃபுளோரைடும் இருக்கும். சிறிதளவு கதிரியக்கம் உள்ளது. முழு லென்ஸைத் தொடுவதால் ஆபத்தில்லை. சுரண்டுவதாலும் உடைந்த தூளைச் சுவாசிப்பதாலும் ஆபத்து உண்டு. லென்ஸை உப்புத்தாளில் மெருகேற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிப் போங்கள்.

உலோகம் வெட்டும் ஃபைபர் லேசருக்கு இதெல்லாம் தேவையில்லை. அதன் அலைநீளம் 1.07 மைக்ரான்; உருக்கிய சிலிக்காவே போதும். அந்த லென்ஸை மட்டும் கார்பன் டை ஆக்சைடு இயந்திரத்தில் மாட்டிவிடாதீர்கள். முழுக் கதிரையும் உட்கவர்ந்து வெடிக்கும். பாதுகாப்பு மூடியில் இதே கணக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்யும்: அக்ரிலிக் மூடி 10.6 மைக்ரானைத் தடுக்கும், 1.07-ஐ அப்படியே விட்டுவிடும்.

சிங்க் செலினைடின் உறவுக்காரப் பொருள் சிங்க் சல்ஃபைடு. இன்னும் கடினமானது, 12 மைக்ரான் வரை போகும், மழையும் மணலும் அடிக்கும் விமான ஜன்னல்களுக்கு ஏற்றது. வாங்கும்போது மஞ்சள் வகையா, உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் பதப்படுத்திய தெளிவான வகையா என்று கேளுங்கள். பார்வை ஒளிக் கேமராவும் அதே ஜன்னல் வழியே பார்க்க வேண்டும் என்றால் தெளிவான வகைதான்.

உப்பு ஜன்னல்கள்: ஆய்வகங்களுக்கு

அகச்சிவப்புக்கு வாய்த்த முதல் நல்ல பொருள் உப்புதான். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து இந்தக் கதிரைக் கண்டார். 1830-களில் இத்தாலியரான மெலோனி, பாறை உப்பு அதைத் தாராளமாகக் கடத்துவதைக் காட்டினார். அதன்பின் நீண்டகாலம் நிறமாலைமானிகளின் பட்டகங்கள் உப்பிலேயே செதுக்கப்பட்டன.

இன்றைய எஃப்டிஐஆரின் உள்ளே கதிரை இரண்டாகப் பிரிக்கும் கதிர்பிரிப்பான் பொட்டாசியம் புரோமைடு தட்டின் மேல் ஜெர்மானியப் பூச்சு போட்டது. கருவியின் விலையுயர்ந்த உயிர்நாடி அது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பொட்டாசியம் புரோமைடு சற்று மேலே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருக்கும் ஆய்வகங்களில் காலை நேரத்தில் அந்த அளவு சர்வ சாதாரணம். கோவைக்காரர்கள் கொஞ்சம் தப்பிக்கிறோம்.

அதனால் ஆய்வகப் பொறுப்பாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: வெள்ளிக்கிழமை மாலை கருவியை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே இருக்கும் கதிர்மூலத்தின் மெல்லிய சூடுதான் ஈரத்தை விரட்டிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் மிச்சமாகும் என்று அணைத்த கருவியில் கதிர்பிரிப்பான் பனி படர்ந்த மாதிரி வெளுத்துப்போய் வரும். அதை மாற்றும் செலவில் அந்தக் கருவியைப் பல வருடம் ஓட்டலாம். ஈரங்காட்டி நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியதும் உலர்த்தியை எடுத்து மாற்றுங்கள். நீல சிலிக்கா ஜெல் என்றால் 120 டிகிரி அடுப்பில் வைத்து, முழுக்க நீலமானபின், மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, பிறகு உள்ளே வையுங்கள். சூடாக வைத்தால் அக்கம்பக்கத்துத் தட்டுகள் விரிசல் விடும்.

திரவ மாதிரிகளுக்குப் பயன்படுத்தும் உப்புத் தட்டு மங்கிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம்; மெருகேற்றிவிடலாம். தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் மெல்லிய மெருகுத் துணியை இழுத்துக் கட்டுங்கள். துணியின் ஒரு பாதியை நீரற்ற எத்தனாலில் நனையுங்கள், மறு பாதி காய்ந்திருக்கட்டும். கையுறை கட்டாயம், வியர்வைக் கைக்கும் உப்புக்கும் ஆகாது. தட்டை ஈரப் பகுதியில் எட்டு எழுதுவது போல நான்கைந்து முறை ஓட்டி, அதே ஓட்டத்தில் காய்ந்த பகுதிக்கு இழுத்து, சட்டென்று தூக்குங்கள். ஈரப் பகுதியிலேயே நிறுத்தினால் எத்தனால் ஆவியாகும்போது தட்டு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, மறுபடி வெளுக்கும். மேலே ஒரு அகச்சிவப்பு விளக்கை எரியவிட்டு, தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்படி வேலை செய்தால் இந்தத் தொல்லை வராது. முடிந்ததும் டெசிக்கேட்டருக்குள் (உலர்த்தி போட்ட மூடிய ஜாடி) வைத்துவிடுங்கள்.

மாதிரியில் தண்ணீர் இருந்தால் உப்பின் பக்கமே போக வேண்டாம். கால்சியம் ஃபுளோரைடு செல் (மாதிரியை வைக்கும் கலம்) எடுங்கள். 100 கிராம் தண்ணீரில் இரண்டு மில்லிகிராம்கூடக் கரையாது. ஏடிஆரில் சிங்க் செலினைடு படிகம் இருந்தால் அமில மாதிரிகளை வைக்கக் கூடாது. நச்சுவாயுவான ஹைட்ரஜன் செலினைடு கிளம்பும். டயர் ரப்பர் போன்ற கரி கலந்த கறுப்பு மாதிரிக்கு ஜெர்மானியப் படிகம், கரடுமுரடான தூளுக்கு வைரம்.

பழைய கருவிகளில் சில சமயம் சிவப்பு நிறத் தட்டு ஒன்று வரும். கேஆர்எஸ்-5. தாலியம் புரோமைடும் அயோடைடும் சேர்ந்தது. 40 மைக்ரான் வரை கடத்தும். தாலியம் கொடிய நஞ்சு. வெறுங்கையால் தொடாதீர்கள், மெருகேற்ற முயலவே வேண்டாம்.

மின்பலகை ஜன்னல்

ஆலைகளில் மின்பலகையின் கதவைத் திறக்காமலேயே உள்ளே இருக்கும் இணைப்புகளின் சூட்டைப் பார்க்க, கதவில் வட்ட ஜன்னல் பொருத்துகிறார்கள். பல ஜன்னல்கள் கால்சியம் ஃபுளோரைடு. கண்ணுக்கும் தெரியும், கேமராவுக்கும் தெரியும். ஆனால் 8 மைக்ரானுக்கு மேல் அதன் ஊடுருவல் வேகமாகச் சரிகிறது. பராமரிப்பாளரின் கையில் இருப்பதோ 8-14 மைக்ரான் கேமரா. கேமராவில் ஊடுருவல் எண்ணை (ஜன்னல் கடத்தும் பங்கு; 1 என்றால் முழுவதும்) 1 என்றே விட்டுவிட்டுப் பார்த்தால், கருகப்போகும் இணைப்பு மிதமான சூட்டில் இருப்பதாகக் காட்டும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னலைப் பொருத்துவதற்கு முன்பே மேசையில் வைத்துச் செய்யுங்கள். எவர்சில்வர் டம்ளரில் கொதிநீர் ஊற்றி, வெளிப்பக்கம் கறுப்பு மின்காப்பு நாடா ஒரு துண்டு ஒட்டுங்கள். வெறும் எவர்சில்வர் கதிரை எதிரொளிக்கும், அதை நம்பி அளக்க முடியாது. நாடாவின் உமிழ்திறன் (கதிரை வெளிவிடும் திறன்; அதிகபட்சம் 1) 0.95 என்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் இல்லாமல் நாடாவின் வெப்பநிலையைக் குறியுங்கள். உடனே நடுவில் ஜன்னலைப் பிடித்து மறுபடி பாருங்கள். குறைத்துக் காட்டும். இரண்டும் ஒன்றாகும்வரை கேமராவின் ஊடுருவல் எண்ணை இறக்குங்கள். அந்த எண்ணையும் கேமராவின் பெயரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஜன்னலின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கேமரா மாறினால் எண்ணும் மாறும்.

மின்விசிறியின் அதிர்வு உள்ள பலகைக்கு நான் படிக ஜன்னலைப் பரிந்துரைப்பதில்லை. வலைக்கம்பி தாங்கிய பிளாஸ்டிக் படல ஜன்னல் உடையாது. பிளாஸ்டிக்கா என்று முகம் சுளிக்க வேண்டாம்; கூரையில் ஆள் நடமாட்டம் பார்க்கும் உணரியின் வெள்ளை மூடி பாலித்தீன் லென்ஸ்தான்.

கால்சியம் ஃபுளோரைடும் பேரியம் ஃபுளோரைடும் திடீர் வெப்ப மாற்றத்தில் பிளந்துவிடும். சூடாக்குவதும் ஆற்றுவதும் நிமிடத்துக்குச் சில டிகிரிக்குள் இருக்கட்டும். பேரியம் ஃபுளோரைடு 12 மைக்ரான் வரை போகும் என்பது நிஜம். ஆனால் கால்சியத்தைவிடப் பல மடங்கு கரையும், நச்சும்கூட. நம் ஊர் மழைக்காலத்தில் திறந்தவெளியில் வைக்க நான் துணியமாட்டேன். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்புக் கேமராவில் லித்தியம் ஃபுளோரைடு, பேரியம் ஃபுளோரைடு, சிங்க் செலினைடு மூன்றும் சேர்ந்த லென்ஸ்கள் இருக்கின்றன. ஈரமோ மழையோ துடைக்கும் கையோ இல்லாத இடத்தில் அந்தத் தேர்வு சரி.

பெயர் தெரியாத தட்டு

லேபிள் உதிர்ந்த தட்டுகள் எல்லா ஆய்வக இழுப்பறையிலும் இருக்கும். எடை போட்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். 25 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள தட்டின் கன அளவு 1.47 கன செ.மீ. சாம்பல் நிறத் தட்டு 7.8 கிராம் என்றால் ஜெர்மானியம், 3.4 கிராம் என்றால் சிலிக்கான். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளங்கையில் வைத்த உடனே வேறுபாடு தெரிந்துவிடும். மஞ்சளாக 7.8 கிராம் இருந்தால் சிங்க் செலினைடு. நிறமற்றதில் 5.9 கிராம் சஃபையர், 4.7 கால்சியம் ஃபுளோரைடு, 7.2 பேரியம் ஃபுளோரைடு, 4 பொட்டாசியம் புரோமைடு. சிக்கல் ஒன்றே ஒன்று: சோடியம் குளோரைடும் உருக்கிய சிலிக்காவும் இரண்டுமே 3.2 கிராம். மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள், உப்பாக இருந்தால் மெருகு போய்விடும். சுடுநீர் டம்ளருக்கும் வெப்பப்படக் கேமராவுக்கும் நடுவில் பிடியுங்கள். டம்ளர் தெரிந்தால் உப்பு, இருண்டுபோனால் சிலிக்கா.

ஆர்டர் எழுதும்போது

பொருள், விட்டம், தடிமன், பயன்படும் வட்டம், பூச்சின் அலைநீளப் பட்டை, பூச்சு ஒரு பக்கமா இரு பக்கமா என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். மேற்பரப்பில் எவ்வளவு கீறலும் குழியும் இருக்கலாம் என்பதைச் சொல்லும் கீறல்-குழி அளவு பொதுவான அகச்சிவப்பு வேலைக்கு 60-40 போதும், லேசருக்கு 40-20 கேளுங்கள் (எண் சிறிதானால் பரப்பு நல்லது). தட்டைத்தன்மையில் ஏமாறாதீர்கள். "கால் அலை" என்று எழுதியிருந்தால், பரப்பின் மேடுபள்ளம் அலைநீளத்தில் கால் பங்குக்குள் இருக்கும் என்று பொருள்; எந்த அலை என்று கேட்க வேண்டும். 633 நானோமீட்டரில் கால் அலை என்பது 10.6 மைக்ரானில் கால் அலையைவிடப் பதினாறு மடங்குக்கும் மேல் கடினமான வேலை. அதற்கேற்ற விலையும் உண்டு. வெப்பப்படத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

வெற்றிடக் கலத்துக்கு ஜன்னல் என்றால் தடிமனைக் கணக்கிட்டுத்தான் கேட்க வேண்டும். தாங்கல் இல்லாத ஆரத்தின் வர்க்கத்தை அழுத்தத்தால் பெருக்கி, பாதுகாப்புக் காரணி 4-ஆலும் 1.1-ஆலும் பெருக்கி, பொருளின் முறிவு வலிமையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 20 மி.மீ. ஆரம், வளிமண்டல அழுத்தம் 0.101 மெகாபாஸ்கல், கால்சியம் ஃபுளோரைடின் வலிமை 36.5 மெகாபாஸ்கல் என்றால் 2.2 மி.மீ. வரும், நான் 3 மி.மீ. வாங்குவேன். வலிமை எண்ணை எப்போதும் விற்பவரின் தரவுத்தாளிலிருந்தே எடுங்கள்.

பொட்டலம் வந்ததும், கையுறையோடு, மேசையில் மென்துணி விரித்துத் திறங்கள். முதலில் தராசு, பிறகு சாய்ந்த வெள்ளொளி, பிறகு கேமரா. பொருள் மாறி வந்திருப்பதை நான் இரண்டு விதத்தில் பார்த்திருக்கிறேன்: ஜெர்மானியத்துக்குப் பதில் சிலிக்கான், 8-12 பூச்சுக்குப் பதில் 3-5 பூச்சு. முதலாவதைத் தராசு பிடிக்கும். இரண்டாவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆய்வகம் உள்ள கல்லூரியில் கேட்டு ஒரு எஃப்டிஐஆர் வரைபடம் எடுத்து, அந்தத் தாளை மடித்துத் தட்டின் டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். டப்பாவின் மூடியில் பொருள், எடை, பூச்சு உள்ள பக்கம், வாங்கிய மாதம் நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். மை அசிட்டோனில் அழிந்துவிடும்.